ஆளை அளக்கும் கருவியும் இடத்தை அளக்கும் கருவியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு மீட்டருக்குள் வேறொருவர் நெருங்கினால் அதிர்ந்து எச்சரிக்கும் பட்டை ஒன்றை, அடுத்த பெருந்தொற்று வருவதற்கு முன்பே சிங்கப்பூரில் உள்ள ஒவ்வொருவருடைய கையிலும் கட்டிவிட வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். 2020-இல் கொவிட்-19 கிருமியால் பட்ட பாட்டை மறந்துவிடாமல் இன்றே ஆயத்தமாக வேண்டும் என்று அவர் நினைப்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், அப்படிப்பட்ட கருவி ஒன்றை ஏறத்தாழ ஏழு மாதங்கள் அணிந்துகொண்டு வேலை பார்த்தவன் என்ற முறையிலும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன் என்ற முறையிலும், அந்த யோசனையின் மறுபக்கத்தை எழுத விரும்புகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

நான் ஓய்வுபெறுவதற்கு முன் கடைசியாக வேலை செய்த இடம் ஒரு பராமரிப்புப் பட்டறை. எல்லாரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்ன கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டம் 2020 ஜூன் 1-ஆம் தேதி முடிந்து, ஆட்கள் படிப்படியாக வேலைக்குத் திரும்பிய பிறகு, நிர்வாகம் எங்கள் எல்லாருக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கொடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னது. அது மலிவான சரக்கு அன்று. அல்ட்ரா வைட்பேண்ட் என்னும் அலைவரிசையில் இயங்கியது. ஓர் அலை ஒரு கருவியிலிருந்து புறப்பட்டு இன்னொன்றுக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, இடையில் உள்ள தொலைவை ஒரு சாண் முன்பின்னாகச் சொல்லிவிடும். தொலைவை அளப்பதில் அதைக் குறைசொல்ல என்னால் முடியாது. குறை வேறிடத்தில் இருந்தது.

எங்கள் வேலையில் பாதி, பம்புகளின் மோட்டாரைக் கழற்றி மேசைமேல் ஏற்றுவது. முதுகு பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, இத்தனை கிலோவுக்கு மேல் இருந்தால் இருவர் சேர்ந்துதான் தூக்க வேண்டும் என்று அதே நிர்வாகம் அதே சுவரில் விதி எழுதி ஒட்டியிருந்தது. இருவர் சேர்ந்து தூக்கினால் இரண்டு கருவிகளும் அலறும். முதல் நாள் நாங்கள் துள்ளி விலகினோம். ஒருவர் காலில் மோட்டார் விழாமல் போனது அவருடைய அதிர்ஷ்டம். மூன்றாம் நாள் அந்தச் சத்தம் எங்கள் காதில் விழவில்லை. இரண்டாம் வாரத்தில் கருவியைச் சுற்றிப் பஞ்சு வைத்து ஒட்டுநாடா சுற்றினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் உடைமாற்றும் அறையின் ஆணியில் பாதிக் கருவிகள் தொங்கின. மேலாளரின் கணினித்திரையில் அவை எல்லாம் நாள் முழுவதும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டிருந்ததாகச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இன்றும் நினைவில் இருக்கிறது: “அண்ணே, மோட்டாரைத் தூக்குனா இது கத்துது, தூக்காம நின்னா சூப்பர்வைசர் கத்துறாரு, நான் யாரு பேச்சைக் கேக்குறது?”

ஒருவர் இன்னொருவரிடமிருந்து விலகி நிற்காததற்குப் பெரும்பாலும் மறதி காரணம் அன்று. நிற்கும் இடம் அவ்வளவுதான், செய்யும் வேலை அப்படி, மின்தூக்கியின் அளவு அப்படி, பிடித்துக்கொள்ளும் குழந்தையின் கை அப்படி. மறதிக்கு மட்டுமே மருந்தான ஒரு கருவியை இத்தனை காரணங்களுக்கும் கொடுத்தால், அது மனிதர்களை விலக்குவதற்கு முன் தன்னையே விலக்கிக்கொள்ள வைத்துவிடும் என்பதுதான் அந்த ஏழு மாதங்களில் நான் கண்டது.

தொற்றியவரோடு பழகியவர்களைக் கண்டறிய அரசாங்கம் கொண்டுவந்த டிரேஸ்டுகெதரை வாசகர் தம் கடிதத்தில் முன்னுதாரணமாகக் காட்டியிருந்தார். இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2020 மார்ச் 20-ஆம் தேதி அறிமுகமான அந்தச் செயலியும், முதலில் ஜூன் இறுதியில் மூத்தோருக்கும் பிறகு செப்டம்பர் முதல் அனைவருக்கும் சமூக மன்றங்களில் வழங்கப்பட்ட கருவியும், நம்மை ஒருபோதும் விலகி நிற்கச் சொன்னதில்லை. யார் யாருக்கு அருகில் இருந்தார் என்பதைத்தான் அவை குறித்துவைத்தன. ஒவ்வொரு கைத்தொலைபேசியும் புளூடூத் வழியாகத் தற்காலிக அடையாளம் ஒன்றை ஒலிபரப்பும். அந்த அடையாளம் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். அருகில் உள்ள கைத்தொலைபேசி அதைப் பெற்றுத் தன்னுள் 25 நாள்களுக்குச் சேமித்துவைக்கும். உரியவருக்குத் தொற்று உறுதியானால்தான் அந்தப் பதிவு சுகாதார அமைச்சுக்குப் போகும். தொடர்புகளின் தடத்தைக் கண்டறிய எடுத்த நேரம் நான்கு நாள்களிலிருந்து ஒன்றரை நாளுக்கும் கீழே இறங்கியது என்று அரசாங்கம் தெரிவித்தது. அந்தப் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தொற்றியவரோடு பழகியவரை நான்காம் நாள் அழைப்பதற்கும் மறுநாளே அழைப்பதற்கும் இடையில் ஒரு குடும்பமே தப்பித்துவிடலாம். ஆனால் அது நெருங்கிய பிறகு நடக்கும் காரியம். இடைவெளியைக் காப்பது, நெருங்குவதற்கு முன் நடக்க வேண்டியது.

புளூடூத்தைப் பற்றியும் ஒரு சொல். அது தொலைவை அளப்பதில்லை. வந்துசேரும் அலையின் வலிமையைப் பார்த்துத் தொலைவை ஊகிக்கிறது. அந்த அலையை நம் உடம்பில் உள்ள தண்ணீர் நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். கால்சட்டையின் பின்பையில் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு எதிரெதிரே நின்று பேசும் இருவர், அதன் கணக்கில் தூரத்தில் இருப்பவர்கள். உலோகத்தால் ஆன ரயில்பெட்டியின் இரண்டு மூலைகளில் இருப்பவர்கள், அலை சுவரில் பட்டுத் தெறிப்பதால் பக்கத்தில் இருப்பவர்களாகத் தோன்றலாம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளர்கள் 2020-இல், ஆப்பிளும் கூகலும் சேர்ந்து உருவாக்கிய இதேபோன்ற புளூடூத் முறையை டிராம் வண்டியில் சோதித்துப் பார்த்தபோது, அது ஆளைத் தெரிவு செய்ததற்கும் குருட்டாம்போக்கில் சீட்டெடுத்ததற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டார்கள். நம் செயலியும் தொடக்கத்தில் ஐஃபோனின் பின்னணியில் ஒழுங்காக இயங்கவில்லை. திரையில் திறந்தபடியே இருக்க வேண்டும், மின்கலம் தீராமல் இருக்கக் கைத்தொலைபேசியைத் தலைகீழாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. என் மகள் பல வாரங்கள் அதைக் கைப்பைக்குள் தலைகீழாகச் செருகிக்கொண்டு போனாள். அழைப்பு வந்தால் எடுப்பதற்குள் நின்றுவிடும்.

செயலியைவிடக் கருவி என் தாயாருக்குப் பிடித்திருந்தது. அப்போது அவருக்கு 79 வயது. சமூக மன்றத்தில் வாங்கிவந்த அன்றே, அடையாளம் தெரிவதற்காக அதில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிச் சுருக்குப்பைக்குள் சில்லறையோடு போட்டுக்கொண்டார். அவ்வப்போது பச்சையாக மினுக்கும் அதைப் பார்த்து, “உசிரோட இருக்கு” என்பார். மறு ஆண்டு, எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டியோடு உட்கார்ந்து பேசிவிட்டு எழும்போது இருவருடைய கருவிகளும் மாறிப்போயின. ஒன்பது நாள் கழித்து, தம்மிடம் உள்ளதில் சிவப்பு நூல் இருப்பதை அந்த அம்மையார் கவனித்து எங்கள் கதவைத் தட்டினார். இடைப்பட்ட நாள்களில் என் தாயார், போகும் இடங்களின் நுழைவாயில்களில் வருகையைப் பதியும் சேஃப்என்ட்ரி முறைக்கு, மாறி வந்த அந்தக் கருவியைத்தான் காட்டியிருந்தார். ஆகவே, பதிவேட்டின்படி அந்த மூதாட்டி ஒரு வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்குச் சென்று வந்திருக்கிறார். இரண்டு பாட்டிமார்களும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான், ஆனால், அந்த ஒன்பது நாளில் இருவரில் ஒருவருக்குத் தொற்றியிருந்தால் தனிமைப்படுத்தல் உத்தரவு யார் வீட்டுக்கு வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

சரி, கூட்டத்தை உண்மையாகவே குறைத்தவை எவை? என் அனுபவத்தில் மூன்று. முதலாவதில் மின்கலமே கிடையாது. 2020 ஏப்ரல் 22 முதல் கேலாங் சிராய், சோங் பாங், மார்சிலிங், ஜூரோங் வெஸ்ட் ஆகிய வட்டாரங்களில் இருந்த நான்கு சந்தைகளில், அடையாள அட்டையின் கடைசி எண் ஒற்றையாக இருப்பவர்கள் ஒற்றைத் தேதிகளிலும், இரட்டையாக இருப்பவர்கள் இரட்டைத் தேதிகளிலும் மட்டுமே நுழையலாம் என்று விதித்தார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் இணையத்தோடு இணைந்தவை: பூங்காக்களில் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதைத் தேசியப் பூங்காக் கழகம் வரைபடத்தில் நிறமிட்டுக் காட்டிய தளமும், கடைத்தொகுதிகளின் நெரிசலை அதேபோல் காட்டிய ‘ஸ்பேஸ் அவுட்’ தளமும். வீட்டுச் சமையலறையில் நின்றபடி அதைத் திறந்து பார்ப்பேன். நான் போக நினைத்த கடைத்தொகுதி நிரம்பியிருப்பதாக நிறம் காட்டினால், கருவேப்பிலை இல்லாமலே அன்றைய ரசத்தை இறக்கிவிட்டு, மதியம் இரண்டு மணிக்குப் போய் வாங்கிவருவேன். அந்தத் தளம் என் பெயரைக் கேட்கவில்லை. நான் யார் அருகில் நின்றேன் என்று கேட்கவில்லை. எங்கே கூட்டம் என்று சொல்லிவிட்டு, முடிவை என்னிடம் விட்டுவிட்டது. என் பட்டறையில் பஞ்சு சுற்றப்பட்ட கருவிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். அது ஆளை அளந்து அதட்டியது. இது இடத்தை அளந்து தகவல் தந்தது. நெருக்கம் ஏற்பட்ட பிறகு கத்தும் கருவியைவிட, நெருக்கம் ஏற்படும் இடத்துக்குப் போகாமல் இருக்க உதவும் கருவியே சமூக இடைவெளிக்குப் பயன்படும் என்பது என் துணிபு.

இடையில், மஞ்சள் நிற இயந்திர நாய் ஒன்று வந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2020 மே 8 முதல் இரண்டு வாரம், பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்பாட்’ என்ற நான்குகால் இயந்திரத்தை நடக்கவிட்டு, ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள் என்று பெண்குரலில் பதிவு செய்த அறிவிப்பை ஒலிபரப்பினார்கள். அதன் கேமராக்கள் பூங்காவில் உள்ளவர்களின் எண்ணிக்கையை மதிப்பிட மட்டுமே, ஆளை அடையாளம் காண அல்ல என்று முன்கூட்டியே அறிவித்தார்கள், அது பாராட்டுக்குரியது. நடைப்பயிற்சிக்குச் சென்ற நான் அதை ஒருமுறை நேரில் பார்த்தேன். நான் பார்த்த அந்தப் பத்து நிமிடத்தில் பூங்காவில் எங்கேயும் நெரிசல் இல்லை, நாயைச் சுற்றித் தவிர. எல்லாரும் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உடன் வந்த அதிகாரி கையசைத்து விலக்கியபோதுதான் அவர்கள் விலகினார்கள்.

நம்பிக்கை என்பது தனிப் பேச்சு. டிரேஸ்டுகெதர் தரவு, தொடர்புகளின் தடத்தைக் கண்டறிய மட்டுமே பயன்படும் என்று தொடக்கத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. 2021 ஜனவரி 4-ஆம் தேதி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறையும் அதைப் பெற முடியும் என்று உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். மறுநாள், அறிவார்ந்த தேசத் திட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், தாம் முன்பு உறுதியளித்தபோது அந்தச் சட்டத்தை நினைத்துப் பார்க்கவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 2-ஆம் தேதி, கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல் உள்ளிட்ட ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே தரவைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் நிறைவேறியது. கொலைகாரனைப் பிடிக்கக் கூடாது என்று நம்மில் யாரும் சொல்ல மாட்டோம். ஆனாலும், சட்டம் ஆளுக்கொரு கருவி சென்று சேர்ந்த பிறகு வந்தது. அன்று மாலை என் மகள், “அப்பா, இதைச் சொல்லிட்டுக் கொடுத்திருந்தா நானே வாங்கியிருப்பேனே” என்றாள். அதற்கு மேல் அந்த விவகாரத்தில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறான கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. நம் டிரேஸ்டுகெதரின் நிரலை அடிப்படையாகக் கொண்டு 2020 ஏப்ரல் இறுதியில் ‘கொவிட்சேஃப்’ செயலியை வெளியிட்ட அந்நாடு, அடுத்த மாதமே, அந்தத் தரவைக் காவல்துறை தொடக் கூடாது என்று தனிச் சட்டம் இயற்றிவிட்டது. சட்டம் சரியாக இருந்தது. செயலிதான் வேலை செய்யவில்லை. 2022 ஆகஸ்டில் அதை மூடியபோது, 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவாகியும், ஆட்களால் கண்டுபிடிக்கப்படாத தொற்றுகளில் இரண்டை மட்டுமே அது கண்டுபிடித்தது என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் சொன்னார். சட்டமும் வேண்டும், பொறியியலும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை ஈடுகட்ட முடியாது.

எல்லா இணைப்புக் கருவிகளையும் நான் தள்ளிவைக்கிறேன் என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது. 2020 ஆகஸ்டு 10-ஆம் தேதி நள்ளிரவு முதல், வெளிநாட்டிலிருந்து திரும்பி வீட்டிலேயே தனித்திருக்கும் உத்தரவு பெற்றவர்களுக்கு மணிக்கட்டில் மின்னணுப் பட்டை கட்டினார்கள். அதை நான் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். யாருக்கு, எத்தனை நாளுக்கு, எதற்காக என்ற மூன்றும் கட்டும்போதே தெளிவாக இருந்தன. உத்தரவு முடிந்த அன்று கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். நோயற்ற நாளிலும் நாடு முழுவதும் கட்டியிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இனி, அந்தப் பட்டுக்கோட்டைத் தம்பியைப் பற்றி. பட்டறையில் ஒரு மீட்டருக்காக அலறிய கருவியை மாலையில் வாசலில் ஒப்படைத்துவிட்டு, அவர் நிறுவனப் பேருந்தில் ஏறி வெளிநாட்டு ஊழியர் விடுதிக்குப் போவார். அவருடைய அறையில் இரண்டடுக்குக் கட்டில்களில் பன்னிரண்டு பேர். குளியலறை முன் வரிசை, அடுப்பின் முன் வரிசை, துணி காயப்போடும் கம்பிக்கும் வரிசை. அவரிடம் வேறு சில மின்னணுச் சீட்டுகளும் உண்டு: காலையும் மாலையும் உடல்வெப்பத்தைப் பதியும் செயலி, வெளியே போகலாமா கூடாதா என்று பச்சையாகவோ சிவப்பாகவோ காட்டும் செயலி, ஊழியர்களுக்கென வந்த ‘புளூபாஸ்’ கருவி. கைத்தொலைபேசியைக் காட்டி, “அண்ணே, எனக்கு எல்லாம் பச்சை, ஆனா மேல்கட்டில்காரருக்கு மூணு நாளா இருமல்” என்று அவர் ஒருமுறை சொன்னார். விடுதிகளில் தங்கியிருந்த ஏறத்தாழ 3,23,000 ஊழியர்களில் 1,52,000-க்கும் மேற்பட்டோருக்கு, அதாவது 47 விழுக்காட்டினருக்கு, 2020 டிசம்பருக்குள் தொற்று ஏற்பட்டிருந்ததைப் பரிசோதனைகள் காட்டின என்று அதிகாரிகளே அறிவித்தார்கள். அந்த அறைகளில் எந்தக் கருவியை மாட்டினாலும் அது என்ன சொல்லியிருக்கும்? நெருக்கமாக இருக்கிறீர்கள் என்று சொல்லியிருக்கும். அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அங்கே இடைவெளியைத் தரக்கூடியது தரைப்பரப்பு மட்டுமே. 2021 செப்டம்பரில் மனிதவள அமைச்சு புதிய விடுதிகளுக்கு வகுத்த தரநிலை, அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, தலைக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் வேண்டும், கட்டில்களுக்கு இடையில் ஒரு மீட்டர் வேண்டும் என்றது. அந்த ஒரு மீட்டர்தான் நான் மதிக்கும் ஒரு மீட்டர்; அதற்கு மின்கலம் மாற்ற வேண்டியதில்லை. மற்றவர்களுக்குக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் விலகிய பிறகும், 2022 ஜூனிலிருந்து விடுதி ஊழியர்கள் ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போக அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டியிருந்ததையும் இங்கே நினைவூட்டுகிறேன். கருவி கையில் இருந்துவிட்டால், அதைக் கொண்டு ஒரு பிரிவினரை மட்டும் இன்னும் சில மாதங்கள் நிறுத்திவைப்பது எளிதாகிவிடுகிறது. வாசகர் சொல்லும் பட்டை வந்தால், அது கடைசியாகக் கழற்றப்படும் கைகள் யாருடையவை என்பதை ஊகிப்பது கடினமன்று.

2023 பிப்ரவரி 13-ஆம் தேதி டிரேஸ்டுகெதரும் சேஃப்என்ட்ரியும் முடிவுக்கு வந்தன. கருவிகளைச் சமூக மன்றங்களில் திரும்பக் கொடுக்கச் சொன்னார்கள். 2020 மே மாதத்தில் நடந்த ஒரு கொலை வழக்கு தொடர்பானதைத் தவிர, தரவு முழுவதையும் அழித்துவிட்டதாக அறிவித்தார்கள். அடுத்த மாதம் கொவிட்-19 குறித்து வெளியான வெள்ளை அறிக்கையில், விடுதிகளின் நிலையையும் இந்தத் தரவு விவகாரத்தையும் மேலும் நன்றாகக் கையாண்டிருக்கலாம் என்று அரசாங்கமே எழுதியது. 2025 ஏப்ரலிலிருந்து தொற்றுநோய்களுக்கெனத் தனி அமைப்பே இயங்குகிறது. ஆகவே, திட்டமிட வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேசையில் பட்டை யோசனைக்குப் பக்கத்தில் என் யோசனையும் இருக்கட்டும்.

ஈரச்சந்தை, உணவங்காடி நிலையம், பேருந்துச் சந்திப்பு, பலதுறை மருந்தகம், வழிபாட்டு இடம் ஆகியவற்றின் வாசல்களில் ஆட்களை எண்ணும் உணரிகளை இப்போதே பொருத்திவைக்கலாம். முகத்தைப் படம்பிடிக்காமல், உள்ளே போனவர், வெளியே வந்தவர் என்று மட்டும் எண்ணும் உணரிகள் நெடுங்காலமாகவே சந்தையில் உள்ளன. நானே பலவற்றை மாட்டியிருக்கிறேன். அந்த எண்ணிக்கையைச் சாதாரண நாள்களிலும் நான்கு மொழிகளிலும் வெளியிட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வார இறுதியில் சிராங்கூன் சாலையில் எப்போது நெரிசல் குறையும் என்று பார்த்துப் பழகிய மக்கள், நோய்க்காலத்திலும் யாரும் சொல்லாமலே பார்ப்பார்கள். கைத்தொலைபேசி பயன்படுத்தத் தெரியாத மூத்தோருக்காகப் புளோக்கின் கீழே மின்தூக்கி வாசலில் ஒரு சிறு திரை வைக்கலாம். அங்கே ஏற்கெனவே திரைகள் இருக்கின்றன, விளம்பரம் ஓடுகிறது. ஆளை அடையாளம் காணும் கருவி எதையேனும் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அதன் பயனையும் காலத்தையும் வரையறுக்கும் சட்டம் கருவிக்கு ஒரு நாளாவது முந்தி வர வேண்டும்.

காற்றையும் அளக்க வேண்டும். இந்தக் கிருமி காற்றில் மிதந்து பரவக்கூடியது என்பது தெளிவான பிறகு, ஒரு மீட்டர் என்ற அளவே மூடிய அறைக்குள் பாதி மெய்தான். மூச்சுவிடும்போது வெளிவரும் கரியமில வாயு ஓர் அறையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால், பிறர் விட்ட மூச்சை நாம் எவ்வளவு இழுக்கிறோம் என்பதும் ஒருவாறு தெரிந்துவிடும். திறந்த வெளியில் அது பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 420 பங்கு. நான் வாரத்தில் இரண்டு நாள் தொண்டூழியராக உதவும் துணைப்பாட வகுப்பில், அந்த வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்றை வெண்பலகைக்கு மேல் மாட்டியிருக்கிறேன். பதினெட்டுப் பிள்ளைகள். கதவைச் சாத்திக் குளிரூட்டியைப் போட்டு உட்கார்ந்தால், தொடங்கும்போது 500 சொச்சம் இருக்கும் எண், முக்கால் மணி நேரத்தில் 1,800-ஐத் தாண்டும். வீடுகளிலும் சிறு அறைகளிலும் நாம் மாட்டும் குளிரூட்டி, உள்ளே இருக்கும் காற்றையேதான் குளிரவைத்துத் திருப்பித் தருகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. இரண்டு சன்னல்களைத் திறந்துவைத்தால் பத்து நிமிடத்தில் 800-க்கு இறங்குகிறது. முதல் வாரம் நான்தான் எழுந்து திறந்தேன். இப்போது கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பையன், எண் ஆயிரத்தைத் தொட்டவுடன் ஆசிரியரைக் கேட்காமலே எழுந்து போய்த் திறக்கிறான். பாடம் பிடிக்காததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த அறையின் அளவுகளை நாள்வாரியாக ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறித்துவைத்திருக்கிறேன். பட்டையைப் பரிந்துரைத்த வாசகருக்கோ வேறு எவருக்கோ அவை பயன்படும் என்றால், தங்கள் அலுவலகத்தின் வாயிலாக அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுத் தொழில்நுட்பர் ஒருவர்,
அங் மோ கியோ